வாவிக்கரையில் கொட்டலசும் அசிட்டும்

கொழும்புக் கோட்டையில் புறப்பட்ட உதயதேவி வாழைச்சேனையைத் தாண்டும்போதே காற்றில் உவர் வாசம் ஏறிவிடுகிறது. மட்டக்களப்புக்கு வருகிறவர்களில் பலர் பாசிக்குடாவின் ஆழமற்ற கடலையோ, கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் பாடும் மீனையோ தேடி வருகிறார்கள். நான் வந்தது படகுகளின் அடிப்பாகத்தைப் பார்க்க. மாரி தொடங்குமுன், புரட்டாசியில், படகைக் கரையேற்றி எஞ்சினைக் கழற்றிப் பழுது பார்ப்பவர்களை வாவிக்கரையில் காணலாம். தண்ணீருக்குள் மறைந்து கிடந்த பாகங்கள் அப்போதுதான் வெயிலைப் பார்க்கின்றன.

மட்டக்களப்பு வாவி கடலுக்கு இணையாக, வடக்குத் தெற்காக, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒடுங்கிக் கிடக்கிறது. வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனையை அண்டி முடிகிறது. கடலுக்கு இரண்டு வாய்கள். ஒன்று நகருக்கு அருகே பாலமீன்மடுவில், மற்றது தெற்கே கல்லாற்றில். இவை எப்போதும் திறந்திருப்பதில்லை. கோடையில் மணல் அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் உடைத்துக்கொண்டு போகும், இல்லையென்றால் வெட்டிவிடுவார்கள். அதனால் ஒரே வாவியில், ஒரே ஆண்டுக்குள், கடல் உப்பும் உவரும் ஏறக்குறைய நன்னீரும் மாறி மாறி வருகின்றன. படகின் அடியில் எது ஒட்டும், எது சாகும் என்பதை இந்த மாற்றமே தீர்மானிக்கிறது.

பாலமீன்மடுவின் வெளிச்சவீடு 1913இல் கட்டப்பட்டது. 28 மீற்றர் உயரம். அதன் அருகே, முகத்துவாரத்து மணலில், கடலுக்குப் போகும் பைபர் படகுகள் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றின் எஞ்சின்களில் பாசிகூட இல்லை. கரைக்கு வந்ததும் எஞ்சினைத் தூக்கிவிடுவதும் படகை மணலில் இழுத்துவிடுவதும் அவர்களின் அன்றாட வழக்கம். வாவிப் பக்கம் திரும்பினால் கதை வேறு. தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுகள், பயணிகளை ஏற்றக் காத்து நிற்கும் படகுகள், சொந்தக்காரர் வெளியூர் போனதால் மாதக்கணக்கில் அசையாத படகுகள். அப்படிக் கிடந்த ஒன்றைத்தான் ஒரு பெரியவர் அன்று கரையேற்றிக்கொண்டிருந்தார்.

அதன் புரொப்பெலர் மூன்று இதழ் கொண்ட அலுமினிய வார்ப்பு. எஞ்சினைச் சாய்த்ததும் இதழ்களின் வடிவமே தெரியவில்லை. ஓரங்களில் வழுவழுப்பான பச்சைப் பாசி. இதழின் முதுகில் கூம்பு கூம்பாகக் கொட்டலசு, ஒன்றின் மேல் ஒன்றாக. அவற்றுக்கிடையில் நெளிந்து ஓடும் வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்கள், அவை குழாய்ப் புழுக்களின் வீடுகள். நடுக்குமிழில் நகத்தளவு சிப்பிகள். பெரியவர் தண்ணீர் ஊற்றியதும் ஒரு கொட்டலசின் உச்சியில் இருந்த மூடித் தகடுகள் மெல்ல விலகி மூடிக்கொண்டன. உள்ளே உயிர் இருந்தது.

கொட்டலசைச் சிப்பி இனம் என்று நினைப்பவர்கள் அதிகம். அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. குஞ்சுப் பருவத்தில் நீரில் நீந்தித் திரியும். கடைசிக் குஞ்சுப் பருவத்தில் ஒட்டுவதற்கு இடம் தேடி, கிடைத்த பரப்பின் மேல் உணர்கொம்புகளால் நடந்து சோதித்துப் பார்க்கும். பிடித்துப்போனால் புரதத்தால் ஆன ஒரு பசையைச் சுரந்து தலைப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு ஓட்டைக் கட்டிக்கொள்ளும். அதன்பிறகு அந்த இடத்தைவிட்டு நகராது. கால்களை வெளியே நீட்டித் தண்ணீரைத் துழாவி உண்ணும். இந்தச் சிற்றுயிரைப் புரிந்துகொள்ள சார்ள்ஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் செலவிட்டார். அந்தப் பசை தண்ணீருக்குள்ளேயே இறுகும். மனிதர் செய்யும் பசைகளில் அந்த வேலையைச் செய்பவை மிகக் குறைவு.

“மாரித் தண்ணி இறங்கினா இதெல்லாம் தானாச் செத்துப்போகும் மனே. மறுகா சுரண்டுறது லேசு. ஆனா எனக்கு இப்பவே தொழிலுக்குப் போகணுமே” என்றார் பெரியவர்.

அவர் அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. புரொப்பெலரின் இதழ் வழவழப்பாக இருந்தால்தான் தண்ணீரைச் சரியாகப் பின்தள்ளும். அதன் மேல் கரடு ஏறினால் எஞ்சின் முழுவேகத்தில் அலறும், படகு நகராது. வேகத்துக்காக எஞ்சினை முறுக்க, எண்ணெய்தான் எரியும். இலங்கையின் சிறு படகுகளின் எஞ்சின்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரேயடியாக ஏறியது. அந்த ஆண்டின் தட்டுப்பாட்டில் படகுகள் நிற்க வேண்டியும் வந்தது. படகு நின்றால் கொட்டலசு ஏறும், கொட்டலசு ஏறினால் அடுத்த முறை எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். இந்தச் சுற்றில் அகப்பட்ட ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துத் தரும் வழி எதுவானாலும் அது வரமாகத்தான் தெரியும்.

அந்த வழியைப் பார்க்க, கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடிப் பக்கம் போனேன். 1924இல் கட்டப்பட்ட பழைய லேடி மானிங் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. வாவி ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்று. எஞ்சின் திருத்தும் கராஜ். தலைகீழாகவும் பக்கவாட்டாகவும் எஞ்சின்கள். நானா ஒருவர் குந்தியிருந்து, கழற்றிய புரொப்பெலர் ஒன்றைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஓடுற காத்தாடியில ஒண்டும் ஒட்டாது தம்பி. நிண்ட காத்தாடியிலதான் ஒட்டும்” என்றார். அனுபவம் சொன்ன அந்த ஒரு வரி அறிவியலோடு ஒத்துப்போகிறது. சுழலும் இதழில் நீர் வேகமாக வழுக்கிப் போகையில் குஞ்சுக் கொட்டலசால் பிடிக்க முடியாது. படகு நிற்கும் நாட்கள்தான் அதற்கு வாய்ப்பு.

நானா ஒரு போத்தலைத் திறந்தார். தரை ஓடுகளில் சீமெந்துக் கறை எடுக்க ஹார்ட்வெயர் கடையில் வாங்கும் அசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூக்கைக் கிள்ளும் புகை எழுந்தது. ஏற்கெனவே தட்டில் இருந்த தண்ணீரில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தும்புத் தூரிகையால் இதழில் தடவினார். உடனே நுரை. கொட்டலசின் ஓடு கல்சியம் கார்பனேற்று. அமிலம் பட்டதும் அது கரைந்து கல்சியம் குளோரைட்டும் நீரும் கார்பனீரொட்சைட்டும் ஆகிறது. நுரைத்து வந்தது அந்த வாயுதான். கண்ணெதிரே கூம்புகள் தேய்ந்து, பள்ளமாகி, வெள்ளைக் கூழாக வழிந்தன. தூரிகையால் இரண்டு தேய்ப்பு. மாதக்கணக்கில் கட்டிய வீடு சில நிமிடங்களில் போயிற்று.

ஆனால் கொட்டலசு இருந்த இடத்தில் ஒரு வட்டத் தடம் மிஞ்சியது. அதுதான் பசை. அது புரதம். சுண்ணாம்பைக் கரைக்கும் அமிலம் அதை எளிதில் கரைப்பதில்லை. கடைசியில் நானா மரத்துண்டால் சுரண்டித்தான் அதை எடுத்தார்.

நான் உற்றுப் பார்த்தது அடுத்து நடந்ததை. ஓடெல்லாம் போன பிறகும் குமிழி நிற்கவில்லை. முதலில் வந்த பெரிய நுரை அடங்கி, வெறும் உலோகத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் எழுந்தன. இது வேறு வாயு, ஐதரசன். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று உண்டு. கடல் நீரில் அதைக் காப்பது அந்தப் படலம்தான். அமிலம் அதை நீக்கிய பிறகு உலோகத்தையே தின்னத் தொடங்குகிறது. முதல் குமிழி ஓட்டினுடையது, பின்னால் வரும் குமிழி புரொப்பெலருடையது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதழ் வெளிர் நிறம் மாறிக் கருஞ்சாம்பல் ஆயிற்று. நானா அனுபவசாலி. உடனே எடுத்துக் குழாய் நீரில் நன்றாகக் கழுவினார். ஆனால் எத்தனை பேர் இதைத் தட்டில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்! அப்படிக் கிடந்த இதழில் ஓரம் கூர்ந்து மெலிகிறது, பரப்பில் நுண்குழிகள் விழுகின்றன. அந்தக் கரட்டில் அடுத்த கொட்டலசு இன்னும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

எவர்சில்வர் புரொப்பெலர் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. இந்த அமிலத்தில் உள்ள குளோரைட்டுக்கு எவர்சில்வரின் காப்புப் படலத்தை உடைத்துக் குழி விழச் செய்யும் குணம் உண்டு. புரொப்பெலரைக் கழற்றாமல் எஞ்சினிலேயே வைத்து அமிலம் ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசம். அது ஷாஃப்டை ஒட்டிய எண்ணெய் சீல் பக்கம் இறங்கும். ஷாஃப்ட் அரித்தால் சீல் பிடிக்காது, கியர் எண்ணெயில் தண்ணீர் கலந்து வெளுத்துப்போகும். நானா கழற்றும்போது இன்னொன்றையும் காட்டினார். ஷாஃப்டைச் சுற்றி இறுகிக் கிடந்த நைலோன் தங்கூசி. அது சீலை அறுத்துவிடும். கழற்றித் துப்புரவு செய்பவர் கண்ணில்தான் அது படும்.

நானாவின் கைகளில் உறை இல்லை. விரல் நுனிகளில் தோல் வெடித்து வெளுத்திருந்தது. நகங்கள் மஞ்சளித்துப் பிளந்திருந்தன. போத்தல் வைத்திருந்த மூலையில் தொங்கிய ஸ்பானர்கள் மட்டும் துருவேறிக் கிடந்தன, மறுமூலையில் இருந்தவை பளிச்சென்று இருந்தன. மூடியின் இடுக்கால் கசியும் ஆவி இரும்பை இப்படிச் செய்தால், அதே காற்றை நாள்தோறும் இழுக்கும் நெஞ்சு என்ன ஆகும்? “கையுறை போடக் கூடாதா நானா?” என்று கேட்டேன். “வாங்கி வெச்சிருக்கன் தம்பி, வேலை அவசரத்துல எங்க போடுற” என்றார். அந்தக் கைகள்தான் இந்தக் கரையின் படகுகளை ஓடவைக்கின்றன. அவற்றின் விலை யாருடைய கணக்கிலும் ஏறவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் வாழைச்சேனை. அங்கே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. பலநாட்களுக்கு ஆழ்கடலில் தங்கும் டீசல் படகுகள் அங்கே வந்து நிற்கின்றன. கரையேற்றியிருந்த ஒரு படகின் பின்னே வெண்கலப் புரொப்பெலர். ‘வெண்கலம்’ என்று பெயர்தான், இந்த வகைகளில் பலவற்றில் செம்போடு துத்தநாகம் பெருமளவு கலந்திருக்கும். கடும் அமிலம் துத்தநாகத்தைத் தேர்ந்தெடுத்துக் கரைக்கும். மிஞ்சும் செம்பு பஞ்சாகிப் பலமிழந்து நிற்கும். மஞ்சள் உலோகத்தில் இளஞ்சிவப்புத் திட்டுக்கள் தெரிந்தால் அதுதான் அடையாளம். அப்படிப்பட்ட இதழ் ஆழ்கடலில் உடைந்தால் துணைக்கு யாரும் இல்லை.

செம்பு கடலுயிர்களுக்கு நஞ்சாயிற்றே, செம்புக் கலப்பு உலோகத்தில் எப்படிக் கொட்டலசு ஏறுகிறது என்ற ஐயம் எழலாம். விடை பழையது. கப்பலின் மர அடியைக் காக்கச் செம்புத் தகடு அறையும் சோதனையைப் பிரித்தானியக் கடற்படை 1761இல் ‘அலார்ம்’ என்ற கப்பலில் செய்தது. செம்பு கடலில் மெல்லக் கரைவதைத் தடுக்க 1824இல் ஹம்ப்ரி டேவி துத்தநாகம், இரும்புத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. உடனே அதன் மேல் கொட்டலசும் பாசியும் ஏறத் தொடங்கின. கரைந்தால்தான் செம்பு நஞ்சாகும், கரையாமல் காத்தால் உயிர்கள் குடியேறும். இன்றைய படகின் அடியிலும் துத்தநாகக் கட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டு உலோகத்தைக் காப்பது அதன் வேலை. துப்புரவு செய்கிறேன் என்று அதன் மேல் அமிலம் ஊற்றினால், ஒரு பருவம் முழுக்கக் காக்க வேண்டியது வீணாகக் கரைந்து குறையும்.

ஒட்டுயிர்களைக் கொல்ல உலகம் இதைவிடக் கொடிய வழியையும் கண்டது. டிரைபியூட்டைல் வெள்ளீயம் கலந்த வண்ணப்பூச்சு கொட்டலசை முற்றாக ஒழித்தது. கூடவே சிப்பிகளின் ஓட்டைக் கோணலாக்கியது, பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பை வளர்த்தது. 2001இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதற்கு எதிராக உடன்படிக்கை செய்தது. 2008 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. படகைச் சுத்தமாக வைத்திருக்கக் கடலை அழுக்காக்கக் கூடாது என்று உலகம் கற்ற பாடம் அது.

மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில், ஹேர்ம்ஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். சுழியோடிகள் அதைத் தேடி வருகிறார்கள். அந்த இரும்பின் மேல் ஏறியிருப்பதும் இதே கூட்டம்தான். அங்கே பவளமும் கொட்டலசும் மீன்களுக்கு வீடாகிவிட்டன. கொட்டலசு நமக்குப் பகை இல்லை. தவறான இடத்தில் குடியேறிய உயிர், அவ்வளவுதான். அதை விரட்ட வேண்டியது நம் இதழிலிருந்து மட்டும், வாவியிலிருந்து அல்ல.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் வாவியின் ஓரம். ஒரு போத்தல் அசிட் 56 கிலோமீற்றர் வாவியை மாற்றிவிடாது. ஆனால் அது ஊற்றப்படுவது நடுவாவியில் அல்ல, கண்ணா மரங்களின் வேர்களும் ஆழமற்ற சேறும் உள்ள ஓரத்தில். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் இடம் அது. வெண்கலத்தின் களிம்பு அமிலத்தில் கரைந்து செம்பு உப்பாக இறங்கினால், இறால் குஞ்சுகளுக்கு அது மிகச் சிறிய அளவிலேயே கேடு. அதே இறாலைப் பிடிக்கத்தான் அந்தப் படகு நாளை போகப்போகிறது.

அப்படியென்றால் என்ன செய்வது? வாவிக்கரையில் நான் கேட்டவற்றையும் வேதியியல் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெளிவாகவே இருக்கிறது.

முதல் வழி, ஒட்டவிடாமலே இருப்பது. படகு நிற்கும்போது எஞ்சினை முழுவதும் தூக்கிவிட வேண்டும். தூக்க முடியாத படகை அடிக்கடி ஓட்ட வேண்டும். பெரியவர் சொன்ன மாரித் தண்ணீரும் மெய்யான மருந்து. கடலில் ஒட்டியவை நன்னீரில் நெடுநேரம் தாங்காமல் சாகும். அதனால்தான் மரக்கலக் காலத்து மாலுமிகள் கப்பலை ஆற்று முகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒக்டோபருக்குப் பின் ஆறுகள் வாவியில் இறங்கும்போது அந்த வசதி இங்கே தானாகவே வருகிறது.

ஒட்டிவிட்டால், கரையேற்றிய கையோடு, ஈரம் காயுமுன் மரச் சீவுளாலோ கெட்டியான பிளாஸ்டிக்காலோ சுரண்ட வேண்டும். காய்ந்து இறுகினால் கடினம். சுத்தியலும் உளியும் வேண்டாம், இதழ் நெளிந்தால் எஞ்சினே அதிரும். மிஞ்சும் வெள்ளைத் தடத்துக்குத்தான் அமிலம். அதற்கு வினாகிரியும் தேசிக்காய்ச் சாறும் போதும். குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் துலக்கும் நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவருவது இதைத்தான். களிம்பைக் கரைக்கும் அளவுக்குப் புளிப்பு, உலோகத்தைத் தின்னாத அளவுக்கு மென்மை. துணியில் நனைத்துச் சுற்றிவைத்து, நேரம் கொடுத்து, தேய்த்துக் கழுவலாம். அலுமினியத்தில் இதையும் இரவு முழுக்க விடக் கூடாது.

கடும் அமிலம் தவிர்க்கவே முடியாத வேளையில், புரொப்பெலரைக் கழற்றி, வாவியை விட்டுத் தள்ளி, காற்று முதுகில் படும்படி இருந்து, இறப்பர்க் கையுறையும் கண்ணாடியும் போட்டு, பிளாஸ்டிக் பாத்திரத்தில் செய்ய வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். வெளுக்கும் திரவத்தோடு கலந்தால் குளோரின் வாயு வரும், அது உயிரையே வாங்கும். கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பெரிய நுரை அடங்கியதும் எடுத்துக் கழுவிவிட வேண்டும், அதற்கு மேல் கரைவது உங்கள் பணம். மீந்த அமிலத்தைச் சுரண்டி எடுத்த கொட்டலசு ஓடுகளின் மேலேயே ஊற்றலாம். நுரை முழுதும் நிற்கும்வரை ஓடு சேர்த்தால் அமிலம் அடங்கிவிடும். அப்பச்சோடாவும் அந்த வேலையைச் செய்யும். அதன் பிறகும் அதை வாவியிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம், அதில் கரைந்த உலோகம் அப்படியே இருக்கும்.

இந்தக் கரையில் படகு வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வது ஒன்று. அசிட்டைத் தண்ணீர்ப் போத்தலிலும் சோடாப் போத்தலிலும் ஊற்றி வைக்காதீர்கள், தாகத்தோடு வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. எஞ்சின் திருத்தக் கொடுக்கும்போது கராஜ்காரருக்கு ஒரு சோடிக் கையுறையையும் வாங்கிக் கொடுங்கள், அவர் அதைப் போடும்வரை பக்கத்தில் நில்லுங்கள். சுரண்டி முதலில், புளிப்பு அடுத்து, அசிட் கடைசியில். படகும் கையும் வாவியும் மூன்றும் நிலைக்க இதைவிட மலிவான வழி இல்லை.